நம்ம மண்ணுல இன்னா சார் கீது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது பெரிய தண்டனையாக இருக்காது. உறவினர்களில் இரண்டு பேருக்குக் கோபம் வரும். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் கழிந்த வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதித் தொழிலில் நல்ல பதவியில் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவனுக்கே தெரிந்துவிடும். பிரான்சில் ஷொலே என்ற ஊரைச் சுற்றியுள்ள வட்டாரம் நம் ஆம்பூர் மாதிரி காலணித் தொழிலுக்குப் பெயர்போனது. வேலையாக அங்கே போனவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆன்ஜே நகருக்குப் பக்கத்தில் லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். கைபேசியில் படம் படமாகக் காட்டினான். செங்குத்தான சரிவு, குதிரை பூட்டிய ஏர், கீழே ஆறு.

"ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் ஆயிரக்கணக்குல விலை சார். வாங்கினாலும் உடனே தொறக்கக்கூடாதாம். பத்து வருஷம், இருபது வருஷம் வெச்சா இன்னும் நல்லா ஆவுமாம். ஒண்ணு வாங்கி வெச்சிக்கிறேன். எல்லாம் அந்த மண்ணு சார்!" என்றான். காபி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "நம்ம மண்ணுல இன்னா சார் கீது?"

அவன் போய்விட்டான், அந்த வாக்கியம் போகவில்லை. மறுவாரம் என் தம்பி மகன் ஒரு பத்திரத்தோடு வந்து, அதே வாக்கியத்தை 'சார்' இருந்த இடத்தில் 'பெரியப்பா' போட்டுச் சொன்னான். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்று. "சார் ரிட்டயர் ஆனதும் ஒயின் பக்கம் போயிட்டார்" என்று குரூப்பில் யாரும் கேலி செய்ய வேண்டாம். நான் மதுவைத் தொட்டவன் இல்லை. குடியால் நொறுங்கிய வீடுகளின் பிள்ளைகளுக்கு முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன். மதியச் சத்துணவுதான் அன்றைய முதல் சாப்பாடு என்று வந்த பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பாட்டிலில் இருப்பதைப் பற்றி எனக்குப் பேச்சே கிடையாது. அது விளைந்த நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அவன் பார்த்து வந்த தோட்டத்தின் பெயர் கூலே த செரான். சாவென்னியேர் என்ற கிராமத்தில் இருக்கிறது. மொத்தமே 7 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 17 ஏக்கர். 1130-ல் சிஸ்டெர்சியன் துறவிகள் அங்கே திராட்சை நட்டார்கள். நம் பக்கம் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம். பிறகு ராஜாக்கள் போனார்கள், பிரெஞ்சுப் புரட்சி வந்தது, இரண்டு உலகப் போர் நடந்தது. அந்தச் சரிவு இன்றைக்கும் திராட்சைத் தோட்டம்தான்.

அங்கே விளைவது செனின் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. இயற்கையிலேயே புளிப்பு அதிகம். அமிலம் அதிகமுள்ள பொருள் சீக்கிரம் கெடாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உங்கள் பாட்டி ஜாடியில் போட்டு வைத்த எலுமிச்சை ஊறுகாய்க்கும் அதே விதிதான். கொடியில் காயைக் குறைவாக விடுகிறார்கள். ஒரே நாளில் மொத்தமாகப் பறிக்காமல், பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பல தடவையாகப் பறிக்கிறார்கள். விளைச்சல் குறைவு, சாறு அடர்த்தி. அதனால்தான் பல பத்தாண்டு தாங்குகிறது. குடிக்கிற அன்றைக்குத் திறந்தால் கூடப் போதாதாம், முந்தின நாளே திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

"பாத்தீங்களா சார், மண்ணுதான்" என்பான் என் மாணவன். பொறு தம்பி. நீ கேட்காமல் வந்த கதை ஒன்று இருக்கிறது.

அந்தத் தோட்டத்தை 1962-ல் ஜோலி என்ற குடும்பம் வாங்கியது. மகன் நிக்கோலா ஜோலி படித்துவிட்டு நியூயார்க், லண்டன் என்று வங்கி வேலையில் இருந்தவர். 1977-ல் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். அதுவரை தாயார் பழைய முறையில் பார்த்துவந்தார். அந்த ஊர் வேளாண் ஆலோசகர் வந்து, அம்மா செய்ததெல்லாம் சரிதான், இனிமேல் காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும், களைக்கொல்லி அடித்தால் கூலி மிச்சம் என்று சொல்லியிருக்கிறார். படித்த பிள்ளை அல்லவா, கேட்டுக்கொண்டார். அடித்தார். இரண்டே ஆண்டில் மண்ணின் நிறம் மாறிவிட்டது. பூச்சிகள் இல்லை. தோட்டத்தில் திரிந்த கௌதாரிகளைக் காணவில்லை. இதை வேறு யாரும் பழி சொல்லவில்லை, அவரே சொல்லி வருகிறார்.

கணக்கைப் பாருங்கள். சுமார் 850 வருடம் நின்ற மண். உலகமே பெயர் சொல்லும் மண். அது சரிவதற்கு இரண்டு வருடம் போதுமாக இருந்தது. மண் என்பது சாமி கொடுத்த வரம் என்று நினைக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அவர் தவறை ஒப்புக்கொண்டார். 1980-களின் தொடக்கத்தில் களைக்கொல்லியை விட்டுவிட்டு உயிராற்றல் வேளாண்மைக்கு மாறினார். ருடால்ப் ஸ்டெய்னர் 1924-ல் சொன்ன முறை அது. மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைத்து, எடுத்து நீரில் கரைத்துத் தெளிப்பார்கள். சந்திரனையும் கிரகங்களையும் பார்த்து வேலை செய்வார்கள். நான் அறிவியல் ஆசிரியர், கிரகக் கணக்குக்கு மதிப்பெண் போட மாட்டேன். விஷத்தை நிறுத்தியதற்கும், செலவைப் பார்க்காமல் குதிரை ஏருக்குத் திரும்பியதற்கும் முழு மதிப்பெண் போடுவேன்.

அந்தக் கொம்பு மட்டும் என் மனதில் குத்திக்கொண்டே இருந்தது. நம் வட்டாரத்துக்கும் மாடுதான் சோறு போட்டது. அங்கே ஒரு கொம்பை மண்ணுக்குக் கொடுத்து மண்ணை மீட்கப் பார்த்தார்கள். நாம் தோலை எடுத்துக்கொண்டு உப்பையும் குரோமியத்தையும் மண்ணுக்குக் கொடுத்தோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நம்ம மண்ணுல இன்னா கீது?

பாலாறு இருந்தது. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் தாண்டி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நம் ஊருக்கு வருகிற ஆறு. மேலே பார்த்தால் வெறும் மணல், அடியில் தண்ணீர். சின்ன வயதில் கையால் மணலைத் தோண்டிக் குடித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே இருக்கிறீர்கள். ஆற்றிலிருந்து ஊற்றுக் கால்வாய் வெட்டிக் கழனிக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள் நம் முன்னோர். ரங்கநாதர் பள்ளிகொள்ள இந்தக் கரையைப் பார்த்திருக்கிறார் என்றால், அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

கத்திரிக்காய் இருக்கிறது. நம் அணைக்கட்டு ஒன்றியத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-ல், வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியில் முள், காம்பில் முள், காயில் தேன். அந்த ருசி வேறு மண்ணில் வராது என்பதற்குத்தான் அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், பக்கத்தில் வைக்கிற கத்திரிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

திராட்சைதான் வேண்டுமா? அதே 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியை 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். கொடி வெளியூர்க்காரன். பெயர் வாங்கிக் கொடுத்தது தேனி மாவட்டத்து மண்ணும் காற்றும்.

ஆக, நம்ம மண்ணில் இல்லாதது ஒன்றும் இல்லை. நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. பதிலை நான் சொல்ல வேண்டாம், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று, வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அதில் இருக்கிறது.

வகுத்துப் பாருங்கள். 35,000-ஐ 7-ஆல் வகுத்தால் 5,000. அவன் வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்த தோட்டத்தைப் போல ஐயாயிரம் தோட்டம். அவ்வளவு நிலத்தைக் கெடுத்துவிட்டு, "நம்ம மண்ணுல இன்னா கீது" என்று கேட்கிறோம்!

முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு, இரண்டையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்புதான் ஏற்றது. உலகம் சாவென்னியேர் என்ற பெயரை ஒயினுக்காகத் தெரிந்துவைத்திருக்கிறது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வேலூர் என்ற பெயரைக் கெட்டுப்போன கிணற்றுக்காகப் படிக்கிறார்கள். 28 வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாறு, அதே தோல் கழிவு, அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று.

என் மாணவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். வருடா வருடம் அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, சோப்பு போட்டு நுரை பார்ப்போம். ஆற்றோரத்துப் பிள்ளைகளின் பாட்டிலில் வருடத்துக்கு வருடம் நுரை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்தத் தெருப் பிள்ளைகள் கொண்டுவந்தது லாரித் தண்ணீர். நான் அதைச் சோதனையாகத்தான் நடத்தினேன். ஒரு மனு எழுதவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"தோல்தானே சார் நம்மள வாழ வெச்சுது?" என்று கேட்பீர்கள். உண்மை. என் மாணவிகளில் பாதிப்பேர் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறித்தான் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார்கள். அதை மறந்து பேசினால் நான் நன்றி கெட்டவன். கம்பெனியை மூடு என்று நான் சொல்லவில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்துக்கே திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்கிற செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று கேட்கிறேன். ஷூ வாங்குகிறவர் கணக்கில் இல்லை, விற்கிறவர் கணக்கில் பாதிதான். மீதி முழுவதும் கத்திரி நடுகிறவன் கிணற்றில் ஏறுகிறது.

தம்பி, உன்னை அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போன பிரெஞ்சுக்காரர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். அடுத்த தடவை அவர் அந்தச் சரிவைக் காட்டிப் பெருமைப்படும்போது, ஒரு ஜோடிக்கு எவ்வளவு விலை குறைத்துக் கேட்டார் என்பதையும் நினைத்துக்கொள். "உங்கள் ஆற்றங்கரையை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஆற்றங்கரைக்கும் சேர்த்து விலை போடுங்கள்" என்று கேள். கேட்க வாய் வராது என்றால், நம்ம மண்ணைக் குறை சொல்லவும் வாய் வரக்கூடாது.

"அதான் புவிசார் குறியீடு வாங்கியாச்சே" என்பார்கள் இன்னும் சிலர். அது என்ன என்று பார்ப்போம். நம் சட்டம் 1999-ல் வந்தது, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெயரை வேறொருவன் திருடாமல் காக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். பிரான்சில் 1935-லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. அவர்கள் இன்னும் உள்ளே போனார்கள். எந்த நிலம் உள்ளே, எந்த நிலம் வெளியே, எந்தத் திராட்சை, ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்பது வரை கோடு போட்டார்கள். கூலே த செரானின் 7 ஹெக்டேருக்கு இன்று தனியாகவே ஒரு பெயர் உரிமை இருக்கிறது.

இருந்தும் களைக்கொல்லியை அந்தச் சட்டம் தடுக்கவில்லையே! மண் செத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடமும் பெயர் உயிரோடுதான் இருந்தது. பெயரைச் சட்டம் காக்கும். மண்ணை வைத்திருப்பவன்தான் காக்க வேண்டும். நம் நிலைமை இன்னும் மோசம். இலவம்பாடிக் கழனிகள் எல்லாம் நாளைக்கு மனையாகிவிட்டாலும், சென்னை கிண்டியில் பதிவேட்டில் கத்திரிக்காய் பெயர் பத்திரமாக இருக்கும். பதிவேட்டில் காய் காய்க்காது.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. 2006-ல் பெரியவள் கல்யாணத்துக்காக, ஆற்றோரத்தில் என் பங்குக்கு வந்த ஒன்றரை ஏக்கரை விற்றேன். மண்ணில் உப்பு பூத்துக் கிடந்தது. "இதுல இன்னா சார் விளையுது?" என்று புரோக்கர் கேட்டார். அறிவியல் ஆசிரியர் நான், தலையாட்டினேன். மனைக் கல் நட்டார்கள். இன்றைக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு வீடு, மீதி முழுக்க வேலிக்காத்தான். கல் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கழனியும் போய், ஊரும் வராமல், பத்திரங்கள் மட்டும் பத்துப் பேர் பீரோவில் இருக்கின்றன.

இப்போது அணைக்கட்டுப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் மிச்சம். ஆற்றுக்குத் தள்ளி, மேட்டில் இருப்பதால் கிணறு இன்னும் இனிப்பாக இருக்கிறது. தம்பி மகன் கொண்டுவந்த பத்திரம் அதற்குத்தான். மகள் கல்லூரிச் செலவு அவனுக்கு. என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் முன்பணம் வாங்கிவிட்டார்கள். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

நான் போட மாட்டேன். தம்பி மகனிடம் நேரில் சொல்லிவிட்டேன், அவன் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். என் பங்கையும் சேர்த்து அவனே பயிர் வைக்கட்டும், குத்தகை ஒரு பைசா வேண்டாம். குழந்தையின் கல்லூரிக் கட்டணம் என் பென்ஷனிலிருந்து போகும். அவள் படித்து முடிக்கும் வரை நான் காசி யாத்திரை போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அக்கா பிள்ளைகளே, மாமா மேல் கோபம் வரும், தெரியும். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க என்ன வழி என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம். சாப்பாடு நம் வீட்டில்.

மற்றவர்களுக்கு மூன்று வேண்டுகோள். நிலம் வைத்திருப்பவர்கள் விற்பதற்கு முன்னால் மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். இன்னா கீது என்று புரோக்கரைக் கேட்காமல் அந்தச் சீட்டைக் கேளுங்கள். டேனரியில் பொறுப்பில் இருப்பவர்கள், மழை ராத்திரியில் வாய்க்காலைத் திறக்கச் சொன்னால், உங்கள் சார் ஞாபகத்துக்கு வரட்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது சந்தையில் முள் கத்திரிக்காயைத் தேடி, பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒயினுக்குப் பேரம் பேசினீர்களா?

ஷூ கம்பெனி மாணவனுக்குக் கடைசியாக ஒன்று. அந்தப் பாட்டிலைப் பத்து வருடம் திறக்காமல் வைத்திருக்கப் போகிறாய். அதே பொறுமையில் பாதியை உன் அப்பா விட்டுப்போன நிலத்துக்குக் கொடு. மேல்பட்டிப் பக்கத்தில் உனக்கும் ஒரு கழனி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இலவம்பாடி ரக விதை யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். தம்பி மகனுக்கு நாற்று விட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்,
பள்ளிகொண்டா